பிசையாமல் சுடும் ரொட்டி: ஒரு செய்முறைப் பதிவு

வீட்டில் ரொட்டி சுட நினைப்பவர்களில் பலரைத் தயங்க வைப்பது பிசையும் வேலைதான். அந்த வேலையை அடியோடு விட்டுவிட்டு, மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கையும் கரண்டியால் கலந்து, ஓர் இரவு முழுவதும் மூடிவைத்து, மறுநாள் கனத்த மூடியுள்ள பாத்திரத்துக்குள் வைத்துச் சுடும் முறையையே நான் இப்போது வழக்கமாகப் பின்பற்றி வருகிறேன். இது மிக எளிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கைக்கு எளிது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கையிலிருந்து குறைந்த வேலை கண்ணுக்குப் போய்ச் சேர்கிறது. கடிகாரத்தை நம்பிச் செய்தால் ஒருநாள் நன்றாகவும் இன்னொரு நாள் தட்டையாகவும் வரும் இதே ரொட்டி, மாவின் நிலையைப் பார்த்துச் செய்தால் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஆகவே, எந்தக் கட்டத்தில் மாவு எப்படித் தோன்ற வேண்டும் என்பதையே இங்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

பிசையாமல் ரொட்டி செய்வது முன்பே இருந்த வழக்கம்தான் என்றாலும், இன்று உலகெங்கும் செய்யப்படும் வடிவத்தைப் பரப்பியவர் நியூயார்க்கில் ரொட்டிக்கடை நடத்தும் ஜிம் லாஹே. அவருடைய செய்முறையை 2006 நவம்பரில் மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். மூன்று கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ட், ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ் அறையில் 12 முதல் 18 மணி நேரம் வரை ஓய்வு, பிறகு நன்றாகச் சூடேறிய மூடிய பாத்திரத்தில் சுடுதல் என்பது அதன் சாரம். மிகக் குறைந்த ஈஸ்ட், தாராளமான தண்ணீர், மூடிய பாத்திரம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்ததில்தான் அதன் திறமை இருக்கிறது; இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

பிசையாமல் எப்படி உப்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் எழும் ஐயங்கள் பாதி தீர்ந்துவிடும். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்ற இருவகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டதும் அவை ஊறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, குளூட்டன் என்ற வலையாக மாறத் தொடங்குகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பிடித்துவைப்பது அந்த வலைதான். வலை தோன்றுவதற்கு வேண்டியது தண்ணீர். பிசைவது அதை விரைவுபடுத்தி இழைகளை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவே. கலவை தளர்வாக இருந்து, நேரமும் நிறைய இருந்தால், இழைகள் தாமாகவே நகர்ந்து இணைந்துகொள்கின்றன. மாவில் இயல்பாகவே இருக்கும் நொதிகள் நீளமான புரத இழைகளை ஆங்காங்கே வெட்டி இளக்கிக் கொடுக்கின்றன. மெல்லப் பெருகும் வாயுக் குமிழிகள் நாலா பக்கமும் தள்ளி அந்த வலையை இழுத்து விரிக்கின்றன. பிசைபவரின் கை சில நிமிடங்களில் செய்யும் வேலையை இந்தக் குமிழிகள் பல மணி நேரத்தில் செய்து முடிக்கின்றன. மாவையும் தண்ணீரையும் கலந்து அரைமணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால் பிசையும் நேரம் வெகுவாகக் குறையும் என்பதைப் பிரான்சின் ரொட்டிக்கலை ஆசிரியர் ரேமோன் கல்வெல் முன்பே எடுத்துக்காட்டியிருந்தார். அந்த அரைமணி நேரத்தை ஓர் இரவாக நீட்டினால் பிசைவதற்கு வேலையே இல்லாமல் போகிறது.

அளவுகளுக்கு வருவோம். நான் எடுத்துக்கொள்வது 400 கிராம் மாவு, 300 கிராம் தண்ணீர், 8 கிராம் உப்பு, ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான இன்ஸ்டன்ட் ஈஸ்ட். ரொட்டிக்காரர்கள் எதையும் மாவின் எடைக்கு இத்தனை சதவீதம் என்றே கணக்கிடுவார்கள். அந்தக் கணக்குப்படி இங்கே தண்ணீர் 75 சதவீதம், உப்பு 2 சதவீதம். இந்த விகிதங்கள் மனத்தில் இருந்தால் மாவின் அளவை எப்படி மாற்றினாலும் மற்றவை தாமே அமைந்துவிடும். கப் அளவை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவைக் கப்பில் தளரக் கொட்டுவதற்கும் அழுத்தி அள்ளுவதற்கும் இடையில் எடை கணிசமாக வேறுபடும். 75 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு 65 சதவீதத்தில் நிற்கும் கலவையைப் பிசையாமல் விட்டால் அது இறுகலாகவே கிடந்து, சுட்ட பிறகு நடுவில் அடர்ந்துபோகும். இந்த முறையில் தராசைத் தவிர வேறு எந்தக் கருவிக்கும் நான் பெரிய முக்கியத்துவம் தருவதில்லை.

ஒரு கிராம் ஈஸ்டைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது என்பது ஒரு சிக்கல். கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் கிராமுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால், தேக்கரண்டிக் கணக்கே போதும். இன்னும் துல்லியம் வேண்டுபவர்கள் 5 கிராம் ஈஸ்டை 100 கிராம் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் 21 கிராம் எடுத்துக்கொண்டால் அதில் ஒரு கிராம் ஈஸ்டும் 20 கிராம் தண்ணீரும் இருக்கும். கலவைக்கான தண்ணீரில் அந்த 20 கிராமைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவ் டிரை என்று விற்கப்படும் குருணை வகை ஈஸ்ட் என்றால், வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்து நுரை கட்டுவதைப் பார்த்த பிறகே சேர்ப்பது நல்லது. பொட்டலம் திறந்து நெடுநாள் ஆன ஈஸ்ட் எந்த வகையானாலும் அதற்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

மாவைப் பொறுத்தவரை, புரதம் 11 முதல் 13 சதவீதம் உள்ள, சலித்த வெள்ளைக் கோதுமை மாவு இதற்கு மிகப் பொருத்தமானது. பொட்டலத்தின் பின்புறம் 100 கிராமுக்கு இத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்கலாம். புரதம் 10 கிராமுக்கு அருகில் உள்ள மாவு என்றால் தண்ணீரை 70 சதவீதத்துக்குக் குறைத்துவிடுவேன். அத்தகைய மாவு அதே அளவு தண்ணீரைத் தாங்காமல் பரவிவிடும். கேக்குக்கென்று விற்கப்படும் மென்மையான மாவு இதற்கு ஆகாது.

கலக்கும் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய கிண்ணத்தில் மாவையும் ஈஸ்டையும் உப்பையும் முதலில் உலர்வாகவே கலந்து, பிறகு தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையாக ஊற்றி, மரக்கரண்டியின் காம்பால் கிளறுகிறேன். கரண்டியின் அகன்ற முனையைவிடக் காம்பு ஒட்டல் கலவைக்குள் எளிதாக நுழைகிறது. எங்கும் உலர்ந்த மாவு தெரியக் கூடாது என்பது மட்டும்தான் இங்கே கவனிக்க வேண்டியது. கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். ஈரக் கையால் அதை வழித்து மேலே புரட்டிவிட்டால் போதும். இந்தக் கட்டத்தில் கலவை மேடும் பள்ளமுமாய், கரடுமுரடாய், ஒட்டிக்கொண்டு, அழகே இல்லாமல் இருக்கும். பார்ப்பவருக்கு இது ரொட்டியாகும் என்ற நம்பிக்கை வராது. இன்னும் கொஞ்சம் மாவு தூவி உருட்டலாமா என்று கை துடிக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அதன்பின் கிண்ணத்தைக் காற்றுப் புகாதபடி மூடி வைக்கிறேன். துணி மட்டும் போட்டு மூடினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிவிடும். அந்தத் தோல் பின்னர் ரொட்டிக்குள் கடினமான கோடாகத் தெரியும். மூடியுள்ள டப்பாவோ, கிண்ணத்தின் மீது கவிழ்த்த தட்டோ போதுமானது. டப்பா ஒளி ஊடுருவுவதாக இருந்தால் இன்னும் நல்லது. மாவு தொடக்கத்தில் எந்த உயரத்தில் நின்றது என்று வெளிப்பக்கம் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுக் குறித்துவைத்தால், இரட்டிப்பாகிவிட்டதா என்பதைப் பிறகு ஊகிக்க வேண்டியிருக்காது.

இந்த முறையில் எல்லாம் ஆகவும் கெடவும் கூடியது அடுத்து வரும் காத்திருப்பில்தான். செய்முறைகளில் 12 முதல் 18 மணி நேரம் என்று எழுதியிருப்பது 21 டிகிரி அறைக்கான கணக்கு. ஈஸ்டின் வேகம் வெப்பத்தோடு விரைந்து ஏறும். 30 டிகிரி அறையில் அதே கலவை ஏழெட்டு மணி நேரத்திலேயே தயாராகிவிடலாம், 17 டிகிரி அறையில் 20 மணி நேரத்தைத் தாண்டியும் அசையாமல் கிடக்கலாம். எனவே சமையலறையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருக்கிறேன். இம்முறை இரவு ஒன்பது மணிக்குக் கலந்தபோது அறை 24 டிகிரியில் இருந்தது. காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது மாவு ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. மேற்பரப்பு வழவழப்பாகி, நடுப்பகுதி மெல்லக் குவிந்து நின்றது. அது போதாது. பத்தரை மணியளவில் மாவு இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்து, குவிந்த நடுப்பகுதி சமதளமாகி, மேலெங்கும் ஊசித்தலை முதல் பட்டாணி வரையிலான குமிழிகள் வெடித்தும் வெடிக்காமலும் நின்றன. கிண்ணத்தை மெல்ல அசைத்தால் மாவு முழுவதும் தளதளவென்று ஒன்றாக ஆடியது. ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலையாய் நீண்ட இழைகள் இழுபட்டன. முந்தின இரவு தொட்டால் பிய்ந்து வந்த அதே கலவை இப்போது இழுத்த இழுப்புக்கு நீள்கிறது என்றால் வலை உருவாகிவிட்டது என்று பொருள். மணம் இலேசான புளிப்போடு, சற்றே பழ வாசனை கலந்ததாக இருந்தது. நான் எதிர்பார்க்கும் நிலை இதுதான்.

இதைத் தாண்டிவிட்டால் அறிகுறிகள் வேறாக இருக்கும். நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்களில் மாவு இறங்கிய தடம் தெரியும். சாராய நெடி மூக்கைத் தாக்கும். இழுத்தால் நீளாமல் குழைந்து அறும். குளூட்டன் வலையை இளக்கிக் கொடுத்த அதே நொதிகள் நேரம் கூடக்கூட அதைச் சிதைக்கவும் செய்கின்றன. பெருகும் அமிலமும் வலையைத் தளர்த்திவிடுகிறது. அப்படிப்பட்ட மாவை உருண்டையாகச் சுட முயல்வதில் பயன் இல்லை. எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, விரல்களால் குழிகள் இட்டு, மேலே எண்ணெயும் உப்பும் தூவித் தட்டை ரொட்டியாகச் சுட்டால் சுவையாகவே இருக்கும். மாறாக, வெப்பமான அறையில் இரவு முழுவதும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரைக் குளிர்ச்சியாகச் சேர்ப்பதே முறை. அல்லது வெளியில் மூன்று மணி நேரம் வைத்து, அசைவு தெரிந்த பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். 4 டிகிரி குளிரில் ஈஸ்ட் ஏறத்தாழ உறங்கிவிடும், ஆனால் சுவை மட்டும் மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று நாள் வரை எனக்கு வசதியான நேரத்தில் எடுத்துச் சுடுகிறேன். அறை வெப்பத்தில் வைத்ததைவிட இப்படிக் குளிரில் வைத்த மாவின் சுவையே எனக்குப் பிடித்திருக்கிறது; மேலோடும் ஆழ்ந்த நிறத்தில் வருகிறது.

கலந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, ஈரக் கையால் மாவின் ஓர் ஓரத்தை மேலே இழுத்து எதிர்ப்பக்கம் மடித்து, கிண்ணத்தைக் கால் சுற்றுத் திருப்பி அதையே நான்கு பக்கமும் செய்வது சிலர் சேர்க்கும் ஒரு படி. இது கட்டாயம் இல்லை. பிசையாத முறை என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அரை நிமிட வேலைதான். புரதம் குறைந்த மாவு என்றால் செய்கிறேன், வலுவான மாவு என்றால் விட்டுவிடுகிறேன்.

வடிவமைக்கும்போது ஒட்டும் மாவைக் கையாள்வதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். மேடை மீது தாராளமாக மாவு தூவி, கிண்ணத்தைச் சாய்த்து, பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரத்தை விடுவித்துக்கொண்டே கலவையை அதன் எடையாலேயே சரிந்து விழவிடுகிறேன். குமிழிகள் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம் என்றாலும், அதற்காக அஞ்சி அஞ்சித் தொட வேண்டியதில்லை. கையில் மாவைத் தடவிக்கொண்டு, நான்கு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மடிப்பு அடியில் வரும்படி புரட்டி, இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அணைத்து மேடையின் மீது தன்பக்கம் இழுக்க வேண்டும். மாவு இல்லாத இடத்தில் இழுத்தால் அடிப்பகுதி மேடையில் சற்றே பிடித்துக்கொள்ள, மேல்தோல் இறுகி உருண்டை நிமிரும். இரண்டு மூன்று இழுப்புப் போதும். தோல் கிழிவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

மூலச் செய்முறையில் தவிடோ மாவோ தூவிய துணியில் உருண்டையைப் பொதிந்து இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்லியிருக்கிறது. துணியில் ஒட்டிக்கொள்ளும் தொல்லையை நினைத்து நான் பேக்கிங் தாளுக்கு மாறிவிட்டேன். சதுரமாக வெட்டிய தாளை ஒருமுறை கசக்கி விரித்து, அதன் மீது உருண்டையை வைத்து, தாளோடு ஒரு கிண்ணத்தில் இறக்கிவிட்டால், கிண்ணம் அதைப் பக்கவாட்டில் பரவாமல் தாங்கும். பின்னர் தாளின் நான்கு மூலைகளையும் பிடித்து அப்படியே தூக்கிச் சூடான பாத்திரத்துக்குள் இறக்கலாம். கொதிக்கும் இரும்புக்குள் வெறும் கையால் மாவைக் கவிழ்ப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. சிலிக்கோன் பூசிய தாளாக இருக்க வேண்டும். மெழுகுத் தாளை ஓவனில் பயன்படுத்தவே கூடாது. தாளின் வெப்ப எல்லை உறையில் அச்சிடப்பட்டிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களைக் கத்தரித்துவிடுவது நல்லது.

இரண்டாவது ஓய்வு 24 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. மாவு தடவிய விரலால் அரை அங்குலம் அழுத்தினால், குழி மெல்ல எழும்பி, ஆனால் முழுவதும் நிரம்பாமல் ஒரு தடத்தை விட்டு நிற்க வேண்டும். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். எழும்பவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது, உடனே சுட்டுவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவுக்கு இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. குளிர்ந்த மாவு இயல்பாகவே விறைப்பாக இருக்கும்.

இந்த ஓய்வு முடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே, ஓவனில் மூடியுடன் பாத்திரத்தை வைத்து 230 டிகிரிக்குச் சூடேற்றிவிடுகிறேன். ஓவன் குறித்த வெப்பத்தை அடைந்துவிட்டதாக விளக்கு காட்டினாலும், கனத்த இரும்பு அதே வெப்பத்தை எட்ட மேலும் அரைமணி நேரம் ஆகும். நான்கைந்து லிட்டர் கொள்ளும் வார்ப்பிரும்புப் பாத்திரம் இந்த அளவு மாவுக்குச் சரியாக இருக்கிறது. மிகப் பெரியதானால் மாவு பரவித் தட்டையாகிவிடும். எனாமல் பூசிய பாத்திரத்தை வெறுமையாகச் சூடேற்றலாமா என்பதை அதனுடன் வந்த குறிப்பில் பார்த்துக்கொள்வது அவசியம். மூடியின் குமிழ் பிளாஸ்டிக்காக இருந்தால் அது 230 டிகிரியைத் தாங்காமல் போகலாம். என் பாத்திரத்தின் குமிழைத் திருகிக் கழற்றிவிட்டு, அதே துளையில் எஃகுக் குமிழ் ஒன்றை மாட்டியிருக்கிறேன். உள்ளிருந்து ஒரே ஒரு திருகாணிதான், ஐந்து நிமிட வேலை. வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரத்தை இப்படிச் சூடேற்றி ஈரமான குளிர்ந்த மாவை அதில் இறக்குவது ஆபத்து. திடீர் வெப்ப மாற்றத்தில் அது தெறித்துவிடலாம்.

மூடிய பாத்திரத்தின் வேலை நீராவியைப் பிடித்துவைப்பது. பெரிய ரொட்டிக்கடைகளின் ஓவன்களில் ஆவியைச் செலுத்தும் அமைப்பு உண்டு. வீட்டு ஓவனில் அது இல்லை, உள்ளே எழும் ஆவியும் துவாரங்கள் வழியே வெளியேறிவிடும். சிறிய மூடிய இடத்துக்குள் மாவிலிருந்து வெளியேறும் ஈரமே ஆவியாகத் தேங்கி நிற்பதால், உருண்டையின் தோல் உலராமல் நெகிழ்வாகவே இருக்கிறது. உள்ளே வாயு விரியும்போது தோலும் சேர்ந்து விரிகிறது. ஆவி இல்லாமல் சுட்டால் முதல் சில நிமிடங்களிலேயே தோல் காய்ந்து இறுகி, ரொட்டி வளர்வதைத் தடுத்துவிடும், அல்லது நினையாத பக்கத்தில் வெடித்துவிடும். ஈரத்தில் நனைந்த மேற்பரப்பு மாச்சத்து கூழாகிப் பின்னர் காய்வதால்தான், சுட்ட ரொட்டிக்கு அந்த மெல்லிய மொறுமொறுப்பான, மினுங்கும் மேலோடு கிடைக்கிறது.

பாத்திரத்தை வெளியே எடுத்து, தாளோடு உருண்டையை இறக்கி, கூரிய பிளேடால் மேலே ஓர் ஆழமான கீறல் இட்டு, மூடி, மறுபடி உள்ளே வைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. முழங்கை வரை மறைக்கும் தடித்த கையுறை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். கீறல் இடாமலும் விடலாம். மடிப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால், மடிப்பு வழியே அது தானாகவே கரடுமுரடாக வெடிக்கும், அதுவும் ஓர் அழகுதான். மூடியபடி 30 நிமிடம் கழிந்து திறந்தபோது உருண்டை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயர்ந்திருந்தது. நிறம் மட்டும் வெளிறிய வைக்கோல் நிறத்தில் நின்றது. இது எதிர்பார்த்ததுதான். உள்வெப்பம் 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் மடிந்து, மாச்சத்து கூழாகி, ரொட்டியின் உருவம் நிலைத்துவிடும். நிறம் வருவதற்கோ மேற்பரப்பு ஈரம் நீங்கி 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மூடியை எடுத்துவிட்டு மேலும் 18 நிமிடம் சுட்டேன். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடத் தோன்றும், ஆனால் கீறலின் உதடுகள் கருஞ்சிவப்பாகும் வரை பொறுப்பதே என் வழக்கம். பொன்னிறத்தில் எடுத்த ரொட்டியின் மேலோடு, ஆறியதும் உள்ளிருந்து வரும் ஈரத்தால் தோல்போல் இழுபட ஆரம்பித்துவிடும்.

உள்ளே வெந்துவிட்டதா என்பதற்கு அடியில் தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்பது பழைய வழி. நான் குத்தும் வெப்பமானியை அடிப்பக்கத்தில் செருகிப் பார்க்கிறேன். 97 டிகிரிக்கு மேல் காட்டினால் வெந்துவிட்டது. கலந்தபோது ஏறத்தாழ 709 கிராம் இருந்தது, ஓவனிலிருந்து வந்தபோது 600 கிராமுக்குச் சற்று மேல் நின்றது. நூறு கிராமுக்குக் குறையாத தண்ணீர் ஆவியாகப் போய்விட்ட இந்தக் கணக்கும் ஒரு நல்ல அடையாளம். எடை போதிய அளவு குறையவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வைக்கலாம்.

கம்பித் தட்டில் எடுத்து வைத்ததும் மேலோடு சடசடவென்று மெல்லிய ஒலி எழுப்பும். உள்ளே ஆவி சுருங்க, விறைத்த மேலோடு நுண்ணிய விரிசல்களாகப் பிளக்கும் ஒலி அது. அந்த வாசனையில் உடனே கத்தியை எடுக்காமல் இருப்பது கடினம்தான். ஆனால் ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூட்டில் வெட்டினால் இன்னும் இறுகாத மாச்சத்து கத்தியில் ஒட்டி, உள்பகுதி பசைபோல் அழுந்தும். வேகவில்லையோ என்ற ஐயமும் வரும். உண்மையில் வேகாததற்கும் ஆறாததற்கும் உள்ள வேறுபாட்டை, ஆறிய பிறகுதான் சொல்ல முடியும். ஆறிய ரொட்டியை ரம்பப் பற்கள் உள்ள கத்தியால் அறுத்தபோது, உள்பகுதி சிறிதும் பெரிதுமான துளைகளோடு, அவற்றின் சுவர்கள் பளபளக்க, இலேசான பாலேட்டு நிறத்தில் இருந்தது. வெளுக்கப்படாத மாவின் இயல்பான நிறமிகள் காற்றோடு அதிகம் கலக்காததால் அப்படியே தங்கிவிடுகின்றன. இயந்திரத்தில் நெடுநேரம் பிசைந்த மாவில் இந்த நிறமும் அதனுடன் சிறிது சுவையும் போய்விடும். அழுத்தினால் மெதுவாகப் பழைய உருவத்துக்குத் திரும்பியது. துளைகள் எல்லாம் மேலே கூடி, அடிப்பாகம் அடர்ந்திருந்தால் முதல் ஓய்வு போதவில்லை என்று கொள்ளலாம். துளைகள் சிறுத்து, ரொட்டி அகன்று தட்டையாக இருந்தால் ஓய்வு மிகுந்துவிட்டது.

முழுக்கோதுமை மாவு சேர்க்க விரும்புபவர்கள் முதலில் கால் பங்கு மாற்றிப் பார்க்கலாம். தவிடு கூடுதல் தண்ணீரை உறிஞ்சும், அதன் கூர்மையான துகள்கள் வலையை அறுக்கவும் செய்யும். ஆகவே 100 கிராம் முழுக்கோதுமை மாவுக்குத் தண்ணீரில் 15 கிராம் கூட்டுகிறேன், ஓய்வு நேரத்தை ஓரிரண்டு மணி குறைத்துக்கொள்கிறேன், ஏனெனில் அத்தகைய மாவு விரைவாகவே நொதிக்கிறது. பாதிக்கு மேல் போனால் பிசையாத முறையில் கிடைக்கும் ரொட்டி கனமாகத்தான் இருக்கும். சுவைக்காக அதை ஏற்றுக்கொள்பவர்கள் உண்டு; நான் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். எள், சூரியகாந்தி விதை போன்றவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடலாம். உலர்பழங்களை முன்பே ஊறவைத்து வடித்துச் சேர்க்காவிட்டால் அவை கலவையின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

கனத்த பாத்திரம் இல்லாதவர்கள், ஓவனின் அடித்தட்டில் காலியான உலோகத் தட்டு ஒன்றைச் சூடேற்றி, ரொட்டியை உள்ளே வைத்தவுடன் அதில் ஒரு கப் வெந்நீர் ஊற்றிக் கதவைச் சாத்திவிடலாம். ஆவி முகத்தில் அடிக்கும் என்பதால் விலகி நின்று ஊற்ற வேண்டும், ஓவன் கதவின் கண்ணாடியில் நீர் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட எனக்கு நல்ல பலன் கொடுத்தது, தடித்த தட்டின் மீது ரொட்டியை வைத்து, பிளாஸ்டிக் பிடி இல்லாத ஆழமான எஃகுப் பாத்திரம் ஒன்றை அதன் மேல் கவிழ்த்து மூடுவது.

வைத்துக்கொள்ளும் முறையில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ரொட்டி நீடித்து நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். பூஞ்சை பிடிப்பது தாமதமாகும் என்பது மெய்யே, ஆனால் கூழான மாச்சத்து மீண்டும் படிகமாகி இறுகுவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. முதல் நாள் அறுத்த முகத்தைப் பலகையில் கவிழ்த்து அப்படியே விட்டுவிடுகிறேன். மேலோடு மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். மறுநாளுக்கு மேல் வேண்டும் என்றால் துண்டுகளாக்கி, காற்றுப் புகாத பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேராக டோஸ்டரில் இடலாம். இரண்டு நாளான முழு ரொட்டி என்றால், மேலே தண்ணீர் தெளித்து 180 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால், இறுகிய மாச்சத்து மறுபடி இளகி, அன்று சுட்டதற்கு அருகில் வந்துவிடும். இது ஒரே ஒருமுறைதான் பலிக்கும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.